அப்பாவோட கதைச்சவை

இல்லை நிரோ, இன்னும் அழுத்தவில்லை. பச்சைப் பொத்தான் திரையின் மூலையில் அப்படியே இருக்கிறது. என் அருமை மச்சாள், நீ இருந்திருந்தால் சுகம்கூட விசாரிக்காமல் இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். "அழுத்திப்போட்டியோ?"

இன்று அழுத்தவில்லை. இதே கோப்புக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு முறை அழுத்தினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலை ஒன்பதே கால். ஸ்காபரோ, டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராவது மாடி. அம்மா வேலைக்குப் போய்விட்டார். மிசிசாகாவில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் அதே சமையற்கூடம்தான் இன்னமும். என் மடிக்கணினியில் அந்தக் கோப்பு திறந்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அது தானாக மூடிக்கொள்ளும். மூடினால் போய்விடும். எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. ஐரோப்பா என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த நாடு, எந்த அலுவலகம் என்பதன் மேல் கறுப்புப் பட்டை.

பயமாக இருக்கிறது. இதை வேறு யாருக்கும் இவ்வளவு நேராகச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஐரோப்பாவில், அடைக்கல விசாரணைகளுக்கு உன்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவது குறையத் தொடங்கிய அதே மாதங்களில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. என்ன வேலை என்று தொலைபேசியில் கேட்டாய். "மொழி சம்பந்தமா ஏதோ," என்றேன். "கம்பஸ் படிச்ச ஆக்களுக்கு எல்லாமே ஏதோதான்," என்று சிரித்தாய். பிறகு நீ கேட்கவேயில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாயா?

வேலை இதுதான். அடைக்கலம் கேட்டுப் போனவர்கள் விசாரணையில் தமிழில் சொல்வதை இயந்திரம் கேட்டு ஆங்கிலமாக்கும். நான் அந்த ஆங்கிலத்தை வாசிப்பேன். தடங்கல் இல்லாமல் ஓடினால் பச்சை. குரலையும் கேட்கலாம், தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும். குரலைக் கேட்கத் தொடங்கினால் கோடு தீர்ந்துவிடும், அடுத்த வாக்கியம் வந்துவிடும். அதனால் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

தொடக்கத்தில் சிரிப்பாகக்கூட இருந்தது. ஆம் என்பதற்கு நாங்கள் 'ஓம்' என்று சொல்லும் இடத்திலெல்லாம் இயந்திரம் 'பிரார்த்தனை' என்று குறித்தது. ஒரு மனிதர் விசாரணை முழுக்க ஓம், ஓம் என்று தலையாட்டியிருக்கிறார். வாசித்தால் ஏதோ சாமியார் ஒருவரைப் பிடித்து வைத்து விசாரித்த மாதிரி. நான் எழுதிப் போட்டேன், திருத்தினார்கள். எனக்குப் பெருமை. இயந்திரத்துக்கு எங்கள் தமிழைப் பழக்குகிறேன் என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையை உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ முறை தொலைபேசியை எடுத்தேன். சொன்னால் வேலையையும் சொல்ல வேண்டும். வைத்துவிட்டேன்.

நீ விசாரணை அறையில் கை உயர்த்துவாய். வகுப்பில் மொனிட்டர் மாதிரி, மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் உன்னை அப்படித்தான் நக்கலடித்தார்களாம். ஒரு மனிதர் "அண்ணையைக் கொண்டுபோட்டினம்" என்று சொன்ன கதை. கொன்றுவிட்டார்களா, கொண்டு போய்விட்டார்களா? எங்கள் வாயில் இரண்டும் ஒரே சத்தம். அதிகாரி அவசரப்படுத்தினார். நீ கையை உயர்த்தினாய். "மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு. நான் இவரிட்ட ஒண்டு கேட்க வேணும்." எல்லாம் நின்றது. நீ அந்த மனிதரிடம் திரும்பிக் கேட்டாய். "அண்ணை, உயிரோடயோ?"

அந்தக் கேள்விக்கு அவர் அழுதார் என்று சொன்னாய். என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. அது அவருடையது என்றாய்.

இப்போது நிறுத்துவதற்கு யாருமில்லை. இயந்திரம் சந்தேகப்படுவதில்லை, நிரோ. அது எனக்கு இவ்வளவு காலமும் அதன் திறமையாகத்தான் தெரிந்தது.

நீ ஐரோப்பாவை நம்பினாய். அதை நான் கேலி செய்திருக்கிறேன். "இஞ்ச எல்லாம் வரிசை மச்சாள். வரிசையில நிண்டா முறை வரும். எங்கட ஊரில வரிசையும் இல்லை, முறையும் இல்லை," என்பாய். கடைசி மாதங்களில், ஆசுபத்திரியிலிருந்து பேசியபோது, அதையே வேறு மாதிரிச் சொன்னாய். "வரிசை அப்பிடியே கிடக்கு. முன்னுக்குக் கதிரையிலதான் ஆக்கள் இல்லை."

உன் செத்த வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்தேன். விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்க்க வேண்டிய கதவு மூன்று முறை திறக்க மறுத்தது. பின்னால் நின்ற பெண் மிகவும் பண்பாக, கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். நான் கண்ணாடி போடுவதில்லை. அவள் என்னைச் சரியாகப் பார்க்கவேயில்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை, ரயிலில்தான் யோசித்தேன்.

ரயில் ஒரு எல்லையைக் கடந்தது. எல்லையே இல்லை என்று நீ எனக்குச் சின்ன வயதில் எழுதிய எல்லை. ஒரு பக்கம் காலை வைத்து, மறு பக்கம் மற்றக் காலை வைத்து எடுத்த படம்கூட அனுப்பியிருந்தாய். சீருடைக்காரர் இருவர் ஏறினார்கள். பெட்டி நிறைய ஆட்கள். என்னிடமும், கைக்குழந்தையோடு இருந்த ஒரு கறுப்பினத் தாயிடமும் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். மற்றவர்கள் வெளியே வயலைப் பார்த்தார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கிழவர் எனக்குப் பெட்டி தூக்க உதவினார். அதுதான் பயம்.

உன் தெருவில் தேர்தல் சுவரொட்டி. முகமில்லை, கோஷம்கூடப் பெரிதாக இல்லை. ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒரு விமானம் மட்டும், மேலே ஏறுகிறது. மாமா அதற்குக் கீழேதான் தினமும் பாண் வாங்கப் போகிறார்.

உனக்கு உன் அப்பாவின் செய்தி வேண்டும்தானே. அவரை உயிரோடு இல்லை என்று எழுதிவிட்டார்கள். நீ நிரோஷா சிவபாலன். உன் மரணத்தைப் பதிய அலுவலகத்துக்குப் போனால் அங்கேயும் திரைதான். எது பெயர், எது தகப்பன் பெயர் என்று எங்கேயோ மாறிவிட்டது. சிவபாலன் காலமானார் என்று மாமாவின் மருத்துவ அட்டையை நிறுத்திவிட்டார்கள். மாமா வரிசையில் நின்று தான் சாகவில்லை என்று சொல்லிப் பார்த்தார். திரை ஏதோ இலக்கத்தை அழுத்தச் சொன்னதாம்.

இப்போது சட்டைப் பையில் இரண்டு தாள் வைத்திருக்கிறார். பாண் வாங்கப் போகும்போதும். "ஒண்டு நான் சாகேல்லை எண்டதுக்கு. மற்றது நான் இந்த நாட்டுக்காரன் எண்டதுக்கு," என்றார். பிறகு, "ரெண்டாவதுதான் பிள்ளை முக்கியம்," என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த நாட்டுக் குடிமகன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இங்கே ஸ்காபரோவில் எல்லோரும் சொல்கிறார்கள், ஐரோப்பா முடிஞ்சுது, நல்லகாலம் நாங்கள் இஞ்ச வந்தது. கடையில் மீன் வெட்டும் அண்ணைகூடச் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். என் மடிக்கணினி எந்த நாட்டுக்காக வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இனி அந்த வாக்கியம்.

மூன்று கிழமைக்கு முன் வந்தது. ஒரு பெண்ணின் வாக்குமூலம். இயந்திரம் தந்த ஆங்கிலத்தை உனக்குத் தமிழில் சொல்கிறேன். "அவர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கதைகள் சொன்னார்கள். அதன் பிறகு அப்பா கதை சொல்லவில்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசித்தேன். இரண்டு சின்ன வாக்கியம், நடுவில் ஒரு வெளி. நான் எழுத ஆசைப்படும் மாதிரி வாக்கியம். குரலைக் கேட்கவில்லை. சரளத்துக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன். பச்சை.

நேற்றுப் பின்னேரம் அதே கோப்பின் இரண்டாம் பகுதி வந்தது. அதிகாரியின் கேள்வியை இயந்திரம் செய்தி வாசிக்கும் தமிழில் சொல்கிறது. "முந்தைய அமர்வில் அவர்கள் உங்கள் தந்தைக்குக் கதைகள் கூறியதாகத் தெரிவித்தீர்கள். இன்று அவர்கள் மிரட்டியதாகத் தெரிவிக்கிறீர்கள். இவற்றில் எது உண்மை?"

கோடு தேயட்டும் என்று விட்டுவிட்டுக் குரலைக் கேட்டேன்.

என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணப் பக்கத்துக் குரல், கொஞ்சம் அடைத்திருந்தது. இப்படிச் சொன்னாள். "நான் கதைச்சவை எண்டுதானே சொன்னனான். கதை சொன்னவை எண்டு சொல்லேல்லையே."

திரையில் ஆங்கிலம் வந்தது. "கதை சொன்னார்கள் என்றுதான் சொன்னேன். கதை சொன்னார்கள் என்று சொல்லவில்லை."

நீ சிரித்திருப்பாய். அவளும் சிரித்தாள், நிரோ. மூச்சு மாதிரி ஒரு சிரிப்பு. மூன்று முறை விளங்கப்படுத்தினாள். மூன்று முறையும் அதுவே வந்தது. கடைசியில் களைத்துப்போய், "சரி, நீங்கள் சொல்லுற மாதிரியே எழுதுங்கோ," என்றாள்.

"நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்," என்று வந்தது.

மூன்று கிழமைக்கு முந்திய பகுதியையும் தேடினேன். திருத்த முடியாது. ஆனால் என் பெயரில் முடித்ததைக் கேட்க மட்டும் விடுகிறது. கேட்டேன். "வீட்டை வந்து அப்பாவோட கதைச்சவை. பேந்து அப்பா கதைக்கேல்லை." கதைச்சவை என்று சொல்லும்போது குரல் இறங்குகிறது. இரண்டு நொடிகூட இல்லை.

கதைப்பதென்றால் எங்களுக்குப் பேசுவது. வீட்டுக்கு வந்து கதைத்தார்கள் என்றால் மிரட்டிவிட்டுப் போனார்கள் என்று எங்களில் யாருக்கு விளங்காது? நான்தான் அந்தச் சொல்லோடு வளர்ந்தவள். இயந்திரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

ரவீனைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவன், இங்கே பிறந்து வளர்ந்தவன், என்னைவிட இளையவன். 

"அக்கா, நீங்கள் ஓவரா திங்க் பண்ணுறீங்கள். பழைய பார்ட் க்ளோஸ்ட். திறக்க ஏலாது."

"அது பிழை ரவீன். பெரிய பிழை."

"யாற்ற பிழை? மெஷின் சஜெஸ்ட் பண்ணினது மட்டும்தான். அப்ரூவ் பண்ணினது நீங்கள். ரிப்போர்ட் பண்ணினா உங்கட பேர்தான் வரும்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

"எந்தப் பிள்ளை?"

அவள் சிரித்ததைச் சொன்னேன். ரவீன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கீழ ஒரு கொமென்ட் பொக்ஸ் இருக்கு. ஒருத்தரும் யூஸ் பண்ணுறேல்லை. அதில எழுதினா ஃபைல் ஸ்டொப் ஆகும். ஒரு ஆள் பாக்கிற வரைக்கும் போகாது. நான் சொன்னனான் எண்டு சொல்லாதேங்கோ."

"எழுதினால்?"

"ஸ்டொப் பண்ணினவையின்ர லிஸ்ட் ஒண்டு இருக்கு. அதில வந்த ஆக்களுக்குப் பிறகு வேலை வாறேல்லை. வேற கொம்பனிக்கும் அந்த லிஸ்ட் போகுமோ தெரியாது. ரகசியம் காப்பன் எண்டு சைன் வேற பண்ணியிருக்கிறீங்கள். லீகலா என்ன செய்வாங்களோ, எனக்கு உண்மையாத் தெரியாதக்கா."

இராச்சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். பெயரில்லாமல், ஊரில்லாமல். அந்தப் பெண்ணின் பெயரையும் கோப்பு எண்ணையும் இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், ஒருநாள் இது அச்சில் வந்தால் வாசிப்பவர்களுக்கும் அது வேண்டாம்.

"உனக்கேன் பிள்ளை உந்த வில்லங்கம்? உவங்கட லிஸ்டுகளில பேரைக் கொண்டுபோய்ப் போடாத," என்றார் அம்மா. "லிஸ்ட் எண்டு ஒண்டு இருந்தா அது சும்மா கிடக்காது. நாங்கள் பாத்தனாங்கள்தானே."

"அம்மா, ஒரு வசனம் சொல்லுறன். கேளுங்கோ." அவள் சொன்ன வேகத்திலேயே, குரலை அவள் இறக்கிய இடத்தில் இறக்கிச் சொன்னேன். "வீட்டை வந்து அப்பாவோட கதைச்சவை. பேந்து அப்பா கதைக்கேல்லை."

அம்மாவின் கை சோற்றில் நின்றது.

"எத்தினை நாள் கதைக்கேல்லையாம்?" என்று கேட்டார்.

ஒரு நொடிகூட எடுக்கவில்லை, நிரோ. நீ கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்த அறையில் யாராவது கையை உயர்த்திக் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி.

"அதை ஒருத்தரும் கேட்கேல்லை அம்மா."

அம்மா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அந்தக் கேள்வி அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. நான் குழந்தையாக இருந்தபோது போன அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் எவ்வளவு குறைவாகக் கதைப்போம் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு எதற்குப் பயம் என்று காலையிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். வேலை போகும் என்பதற்கா? ஓரளவு. பட்டியலில் பெயர் வரும் என்பதற்கா? ஓம். ஆனால் அடியில் வேறொன்று இருக்கிறது. வெறுப்பு வந்தால் சத்தமாக வரும், தெருவில் வரும், கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினேன். சுவரொட்டியிலிருந்த விமானத்தைப் பார்த்ததும் இதுதான் அது என்று நினைத்தேன். ஆனால் அந்த விமானத்தில் ஒருத்தியை ஏற்றுவதற்குச் சுவரொட்டிக்காரர் யாரும் தேவையில்லை. பதினோராவது மாடியில், காலில் தடித்த காலுறையோடு, ஒரு வாக்கியத்தை ரசித்துக்கொண்டு நான் இருந்தால் போதும்.

எத்தனை வாக்கியம் கடத்தினேன்? எத்தனை கதைச்சவை, எத்தனை கொண்டுபோட்டினம்? முடித்த கோப்புகளின் பட்டியல் திரையில் கீழே கீழே போகிறது. நான் கடைசிவரை உருட்டிப் பார்க்கவில்லை.

அவள் இப்போது எங்கே இருப்பாள்? அங்கே பின்னேரம். ஏதோ ஒரு முகாமில், ஏதோ ஒரு கட்டிலில், தன் தமிழில் என்ன பிழை என்று யோசித்துக்கொண்டிருப்பாளா?

இன்று காலை அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். இரவு முழுக்க ஒன்றும் சொல்லாதவர். "எழுதிறதெண்டா வடிவா எழுது," என்றார். "உன்ர பேர் எது, கொப்பர்ர பேர் எதெண்டு விளங்கப்படுத்தி எழுது. இல்லாட்டி இல்லாத மனிசனைப் பிடிச்சு விசாரிப்பாங்கள்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். மின்தூக்கி கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

பயம் போகவில்லை. உனக்கு முதல் முறை கை உயர்த்தியபோது பயமாக இருந்ததா என்று ஒருநாளும் கேட்காமல் விட்டேன். கேட்டிருக்க வேண்டும். நீ பயந்திருந்தாய் என்று தெரிந்தால் இப்போது கொஞ்சம் உதவியாக இருக்கும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். குரலைக் கேட்காமல் இனி ஒரு வாக்கியத்தையும் கடத்த மாட்டேன், இந்த வேலையில் என்றாலும் வேறு வேலையில் என்றாலும். நான் கடத்தியவற்றைப் பட்டியலின் அடிவரை போய்க் கேட்பேன், கேட்க விடும் வரைக்கும். இந்தக் கோப்பை ஒரு ஆள் பார்த்தாரா என்று, யாராவது பதில் சொல்லும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

பத்து நாற்பதுக்குக் கொமென்ட் பொக்ஸைத் திறந்தேன். "மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு" என்று தொடங்கினேன். கதைச்சவை என்றால் என்ன என்று எழுதினேன். முதல் பகுதியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டது நான் என்று எழுதினேன். அப்பா எத்தனை நாள் கதைக்கவில்லை என்று அவளிடம் கேட்கும்படி எழுதினேன். அனுப்பினேன். கோப்பு மஞ்சளாகி நின்றது. பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.

உன் மச்சாள்,
தர்சினி யோகநாதன்.
தர்சினி என் பெயர். யோகநாதன் அப்பாவின் பெயர்.